வெளியில் ஹெலிகொப்டர் பறக்கவிடப் பழகுதல்

பிறந்தநாள் பரிசாகச் சிறிய றிமோட் கொன்ட்ரோல் ஹெலிகொப்டர்கள் எமது வீடுகள் பலவற்றுக்கு வந்து சேர்கின்றன. முதல் வாரம் அது முன்னறையில் பறக்கும். இரண்டாம் வாரம் தோட்டத்துக்குப் போகும். மூன்றாம் வாரம் பக்கத்து வீட்டுக் கூரையில் கிடக்கும். இல்லாவிடில் முறிந்த தகடுகளுடன் அலுமாரிக்கு மேலே ஏறிவிடும். பிள்ளை மீண்டும் கணினித் திரைக்கு முன் போய் உட்கார்ந்துவிடும்.

எமது தமிழ் வகுப்புப் பெற்றோரில் நான்கு குடும்பத்தினர் வடமேற்கு இலண்டனில் சென்ற கோடை முழுவதும் ஞாயிறு காலை வேளைகளில், வகுப்புக்கு முன்னர், இதைப் பிள்ளைகளோடு சேர்ந்து பழகினோம். எம்மில் ஒருவருக்கும் முன் அனுபவம் இல்லை. பழகியதையும் பழுதாக்கியதையும் சேர்த்தே இங்கு எழுதுகிறோம்.

முதலில் எந்த ஹெலிகொப்டர் என்பதைப் பார்ப்போம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு விசிறிகள் எதிரெதிர்த் திசையில் சுழலும் வகை ஒன்று உண்டு. அது தானாகவே ஆடாமல் நிற்கும். வீட்டினுள் பழக நல்லது. ஆனால் காற்றை எதிர்த்து முன்னேற அதற்கு வலு இல்லை. எம்மிடம் முதலில் இருந்தது அதுதான். "வெளியிலும் பறக்கும்" என்று சொல்லியே கடையில் தந்தார்கள். பறந்தது உண்மை, நாம் விரும்பிய பக்கம் அல்ல, காற்று விரும்பிய பக்கம். வெளியில் பழக மேலே ஒரு விசிறியும் வாலில் ஒரு விசிறியும் கொண்ட, நான்கு கட்டுப்பாடுகள் உள்ள வகை வேண்டும். அதிலும் தகடுகளின் சாய்வு மாறாத எளிய வகையே தொடக்கத்துக்குப் போதும். தலைகீழாகப் பறக்கக்கூடிய வகை பார்க்க ஆசையாக இருக்கும். அதை இரண்டாம் ஆண்டுக்கு விட்டுவைப்பது நல்லது.

ஹெலிகொப்டர் ஏன் கடினம்? மாதிரி விமானத்தின் தண்டுகளை விட்டுவிட்டால், நல்ல விமானம் சற்று நேரம் தானாகவே நேராகப் போகும். ஹெலிகொப்டர் அப்படி அல்ல. கவிழ்த்து வைத்த சிரட்டையின் மேல் போளையை நிறுத்துவது போன்றது அது. போளை உருளத் தொடங்கியபின் பிடிப்பது அல்ல, உருளப் போகிறது என்று தெரிந்தவுடன் திருத்துவதே வித்தை. 1939இல் சிக்கோர்ஸ்கி தமது வி.எஸ். 300 ஹெலிகொப்டரை முதன்முதலாகக் கிளப்பியபோது அதைக் கயிறுகளால் நிலத்தோடு கட்டியே கிளப்பினார். மாதிரி ஹெலிகொப்டர்களோ 1970ஆம் ஆண்டளவில்தான் ஜேர்மனியரான டீற்றர் ஷ்லூட்டரின் முயற்சியால் நம்பிப் பறக்கவிடும் நிலைக்கு வந்தன. அக்காலத்தில் வாலைத் தாங்க இன்றுள்ள மின்னணு ஜைரோ இல்லை. எல்லாம் விரலின் வேலை. இன்று உள்ளே இருக்கும் ஜைரோ பாதி வேலையைச் செய்துவிடுகிறது. மீதிப் பாதி எம்முடையது.

கட்டுப்பாட்டுப் பெட்டியில் இரண்டு தண்டுகள் உள்ளன. பெரும்பாலும் விற்கப்படும் "மோட் 2" அமைப்பில் இடது தண்டை மேலே தள்ளினால் ஏறும், கீழே இழுத்தால் இறங்கும். பக்கவாட்டில் அசைத்தால் மூக்கு திரும்பும். வலது தண்டு முன், பின், இடம், வலம் சாய்க்கும். இதை வாசித்தால் ஒரு நிமிடத்தில் விளங்கும். விரலுக்கு விளங்க ஒரு மாதம் எடுக்கும். இங்கு எமக்குப் பெரிதும் உதவிய ஒரு சிறு விடயம்: வாலைப் பார்க்க வேண்டாம், மூக்கைப் பாருங்கள். பின்னால் நிற்பவர் கண்ணுக்கு வால்தான் கிட்ட இருக்கும். வால் இடப்பக்கம் போகிறது என்று வலப்பக்கம் தள்ளினால் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனெனில் தண்டு திருப்புவது மூக்கை. எமது பெரியவர்களுக்கு இது பழக மூன்று ஞாயிறு எடுத்தது. பிள்ளைகளுக்கு ஒரு காலை போதுமாக இருந்தது.

முதல் நாள் பறக்க நினைக்கவே கூடாது. காலுக்குக் கீழே குறுக்காக இரண்டு மெல்லிய கம்பிகளைக் கட்டி, நுனிகளில் பிங்-பொங் பந்துகளைப் பொருத்தினால் ஹெலிகொப்டர் கவிழாது. புல் நீளமாக இருந்தால் கால் சிக்கும், வால் விசிறியும் புல்லை வெட்டும். ஆகவே ஒரு மீற்றர் அளவுப் பலகை ஒன்றை விரித்து அதன்மேல் வையுங்கள். ஐந்து மீற்றர் பின்னால், சற்று ஒரு பக்கமாக நில்லுங்கள். மெதுவாக வேகத்தைக் கூட்டினால் அது நிலத்திலேயே வழுக்கும். மூக்கை நேராக வைத்துக்கொண்டு வழுக்கவிடுவதே முதலாம் பாடம். பிறகு ஒரு சாண் உயரம் எழுப்பி உடனே இறக்குங்கள். விசிறி தள்ளும் காற்று நிலத்தில் பட்டுக் குழம்புவதால் இந்த உயரத்தில் அது அதிகம் தத்தளிக்கும். பிள்ளை "எனக்குச் சரிவராது" என்று பெட்டியைத் தந்துவிடுவதும் இந்தக் கட்டத்தில்தான். விசிறியின் அகலத்துக்கு மேல் சற்று ஏறிவிட்டால் ஹெலிகொப்டர் தெளிந்துவிடும். அதற்காகத் தலைக்கு மேல் ஏற்ற வேண்டாம். இடுப்பளவு போதும். ஒரே இடத்தில் நிற்கும்போது அது சற்று வலப்பக்கம் சாய்ந்து நிற்பதைக் கண்டால் பழுது என்று எண்ணவேண்டாம். வால் விசிறி பக்கவாட்டில் தள்ளுவதைச் சமன்செய்யவே அப்படிச் சாய்கிறது.

எமது விபத்தையும் சொல்லவேண்டும். நான்காவது ஞாயிறு ஒரு காற்று வீச்சில் ஹெலிகொப்டர் எம்மைத் தாண்டி மரத்தை நோக்கிப் போயிற்று. பதற்றத்தில் இறக்குவதற்குப் பதில் வேகத்தைக் கூட்டிவிட்டோம். அது வேலியில் மோதி விழுந்தது. பெட்டியை வைத்திருந்தவர் வேகத் தண்டை முழுவதும் கீழே இழுக்காமலே நிற்க, ஒன்பது வயதுப் பிள்ளை ஓடிப்போய்த் தூக்கியது. சிக்கியிருந்த விசிறி விடுபட்டுச் சுழன்றது. விரலில் இரண்டு தையல். பிள்ளை அழவில்லை, ஆனால் தாயார் அன்று சொன்ன சொற்களை இங்கு எழுத முடியாது. அவை நியாயமானவை. இரண்டு வாரம் நாம் வெளியே போகவில்லை.

மீண்டும் போனபோது இரண்டு விதிகளோடு போனோம். சந்தேகம் வந்த கணமே இடது தண்டு கீழே. இடுப்பளவு உயரத்திலிருந்து விழுந்தால் உடைவது ஒரு தகடு, வேகத்தோடு மோதினால் பற்சக்கரம், தண்டு எல்லாமே போகும். விசிறி நிற்கும்வரை ஒருவரும் அசையக்கூடாது. பற்றரியைக் கழற்றுவது பெரியவர் மட்டுமே. இந்த இரண்டையும் பிள்ளைகள் எங்களைவிடக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தார்கள்.

அதே நாட்களில் நாம் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. ஒரு பிள்ளையின் அப்பம்மா எம்மோடு வந்து மடக்குக் கதிரையில் இருந்தார். ஹெலிகொப்டர் எழும்பி இரைந்தவுடன் எழுந்து நின்று, "இறக்கு மோனை, அதை இறக்கு" என்றார். எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் என்னவென்று விளக்கத் தேவையில்லை. ஹெலி இரையும்போது பதுங்குகுழிக்கு ஓடியவர்கள் எம்மிலும் உள்ளனர். பேரப்பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்று பறக்கவிடுவதை நிறுத்தி, பிள்ளைகளைச் சுற்றி இருத்தி, அவர் சொல்லக் கேட்டோம். அரை மணித்தியாலம் போயிற்று. அடுத்த ஞாயிறும் அவர் வந்தார், ஆனால் காரினுள் இருந்தார். அதற்கடுத்த முறை கதிரையை வெளியே எடுத்துப் போடச் சொன்னார். பெரியவர்களைக் கூட்டிச்செல்வோர் முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவைப்பது நல்லது.

காற்றைப் பற்றி: அதிகாலையும் மாலை மங்கும் நேரமுமே அமைதியானவை. மரத்தின் சிறு கிளைகள் ஆடினால் அன்று போகவேண்டாம். மூக்கை எப்போதும் காற்றுக்கு எதிராக வைத்திருங்கள். பின்னால் இருந்து காற்று வந்தால் வால் தானாகச் சுழன்று மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பப் பார்க்கும். மரங்கள், கட்டடங்களுக்குப் பின்னால் காற்று இல்லாததுபோல் தோன்றும், ஆனால் அங்கேதான் அது சுழிக்கும்.

ஆறு வாரத்துக்குப் பின் மூக்கு எம்மை நோக்கும் பாடம். அப்போது இடம் வலமாகும், முன் பின்னாகும். இதில் வராத பெரியவர் யாரும் இல்லை என்ற அளவுக்கு எல்லோரும் விழுத்தினோம். ஒரு வழி உண்டு: உங்கள் கண்ணுக்கு எந்தப் பக்கம் தாழ்கிறதோ, அந்தப் பக்கம் வலது தண்டைத் தள்ளுங்கள். விழுகின்ற பக்கத்துக்கு முட்டுக் கொடுப்பதாக நினைத்துக்கொள்ளலாம். கணினியில் பழகும் மென்பொருள்கள் இந்தப் பாடத்துக்கு மிகவும் உதவும்; அங்கே தகடு முறிந்தால் செலவில்லை.

பற்றரியில் கவனக்குறைவு கூடாது. லித்தியம்-பொலிமர் பற்றரியின் ஒவ்வொரு கலமும் நிறைந்த நிலையில் 4.2 வோல்ற். பறக்கும்போது 3 வோல்ற்றுக்குக் கீழே விழவிட்டால் பழுதாகும். பயன்படுத்தாமல் வைப்பதாயின் 3.8 வோல்ற் அளவில் வையுங்கள். ஆட்கள் உறங்கும்போதோ வீட்டில் இல்லாதபோதோ சார்ஜ் போடவேண்டாம். ஊதிப்போன பற்றரியை "இன்னொருமுறை" என்று போடவே வேண்டாம்; அது தீப்பிடிக்கக்கூடியது.

இறுதியாகச் சட்டம். பிரித்தானியாவில் மாதிரி ஹெலிகொப்டரும் ட்ரோனும் ஒரே விதிகளுக்குள் வருகின்றன. 2026 ஜனவரி 1 முதல் 100 கிராம் அல்லது அதற்கு மேல் நிறையுள்ளதைப் பறக்கவிடுபவர் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் இணையவழித் தேர்வில் சித்தியடைந்து இலக்கம் பெறவேண்டும். தேர்வு இலவசம். 13 வயதுக்குக் குறைந்த பிள்ளை பெற்றோர் உடனிருக்கவே எழுதலாம். 250 கிராமும் அதற்கு மேலும் என்றால் உரிமையாளர் பதிவும் தேவை. அதை 18 வயதுக்கு மேற்பட்டவரே செய்யலாம். உயரம் 120 மீற்றரைத் தாண்டக்கூடாது. ஹீத்ரோ, நோர்தோல்ற் பக்கம் வசிப்போர் தடைசெய்யப்பட்ட வலயங்களின் வரைபடத்தைப் பார்க்காமல் வீட்டுத் தோட்டத்தில்கூடக் கிளப்பவேண்டாம். சில பூங்காக்களில் உள்ளூராட்சிச் சபையின் தனித் தடையும் உண்டு. வாயிலில் உள்ள பலகையை வாசியுங்கள். ஆர்வம் நிலைத்தால் பிரித்தானிய மாதிரி விமானச் சங்கத்துடன் இணைந்த கழகம் ஒன்றில் சேர்வது சிறந்தது. அங்கே காப்புறுதி உண்டு. ஆசிரியரின் பெட்டியோடு பிள்ளையின் பெட்டியை இணைத்து, பிழைத்தால் ஆசிரியர் உடனே எடுத்துக்கொள்ளும் வசதியும் உண்டு.

கூட்டத்துக்கு மேலே பறக்கவிடுவது எந்த நிறையாயினும் குற்றம். தேர்த்திருவிழா அன்று ஆலய வாகனத் தரிப்பிடத்தில் பிள்ளைகள் பெட்டியைத் திறந்தால், தயவுசெய்து அவர்களிடமிருந்து பற்றரியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பக் கொடுக்க மறக்கவும் வேண்டாம்.