ஞானப்பல் எடுத்தபின் வரும் வீக்கமும் ஸ்டீராய்டு மருந்தும்



கம்பம், போடி, கூடலூர் பகுதிகளிலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள் அநேகர். ஞானப்பல் எடுத்தபின் கன்னம் வீங்கி, வாய் திறக்க முடியாமற்போனால் அவர்களுக்குச் சாப்பாடும் இல்லை, கூலியும் இல்லை.

எலும்பில் புதைந்த பல்லை ஈறைக் கீறி எடுக்கும்போது, காயத்தை ஆற்ற உடல் அங்கே நீரைச் சேர்க்கிறது. வீக்கம் இரண்டு மூன்று நாளில் உச்சத்தை எட்டும். இதை மட்டுப்படுத்தும் கார்டிசால் என்னும் பொருளைச் சிறுநீரகங்களின்மேல் உள்ள அட்ரினல் சுரப்பிகள் சுரக்கின்றன. அதையொத்த மருந்துதான் ஸ்டீராய்டு. 2020-ல் பிராணவாயு தேவைப்பட்ட கொரோனா நோயாளிகள் பலரைக் காத்த டெக்ஸாமெத்தசோனும் இவ்வகையே.

அறுவைக்குச் சற்று முன்போ, முடிந்தவுடனோ இம்மருந்தை வழக்கமாக 4 முதல் 8 மில்லிகிராம் கொடுப்பார்கள். வீக்கம் குறையும்; வாய் எளிதில் திறக்கும்; வலியும் ஓரளவு தணியும்.

ஆனால் இது கிருமியைக் கொல்லாது. சர்க்கரை வியாதி, காசநோய், வயிற்றுப்புண் உள்ளவர்கள் முன்னதாகவே மருத்துவரிடம் சொல்லவேண்டும். ஓரிரு நாள் மருந்தை, கடையில் தாமாக வாங்கி வாரக்கணக்கில் விழுங்கினால் சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும், தொற்று மறைந்தே பரவும்.

மூன்றாம் நாளுக்குப் பின்னும் வீக்கம் கூடினாலோ, காய்ச்சல், சீழ், விழுங்கச் சிரமம் இருந்தாலோ தாமதியாமல் மருத்துவமனைக்கு வாருங்கள். உங்கள் அயலாருக்கும் இதைச் சொல்லுங்கள்.