இளம் வயதினரின் மூளைக் கட்டிகள்

“பட்டாசு ஆலைக்குப் போய்வருகிறவளுக்குத் தலைவலி இல்லாமலா இருக்கும்?” சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்து வீடுகளில் இப்பேச்சைக் கேளாதவர் இரார். மருந்து வாடை, வெயில், தூக்கக் குறைவு என்று தலைவலிக்கு நூறு காரணங்கள் உண்டு. பெரும்பாலும் அவையே உண்மையாகவும் இருக்கும். நூற்றோராவது காரணம் அரிதானது. அதனைப் பற்றியதே இக்கட்டுரை.

மண்டையோடு ஒரு மூடிய பெட்டி. உள்ளே ஒன்று வளர்ந்தால் அது விலகிக் கொடுக்காது. சிறுவர்களுக்குக் கட்டி பெரும்பாலும் பின்மண்டையில், சிறுமூளையை ஒட்டித் தோன்றுகிறது. அங்கேதான் நான்காம் மூளையறை இருக்கிறது. விலங்கியல் மாணவர்கள் தவளையின் மூளையை வரைந்தபோது அதனைக் குறித்திருப்பார்கள். மூளைத் தண்டுவட நீர் வெளியேறும் வழி அது. கட்டி அவ்வழியை அடைத்தால் நீர் தேங்கி உள்ளழுத்தம் உயரும். இரவெல்லாம் படுத்திருப்பதால் அழுத்தம் மேலும் கூடி, விடியற்காலையில் தலைவலியும் வாந்தியும் வரும். வாந்தி எடுத்தபின் சற்றே தணியும். நடை தள்ளாடும். பார்வை நரம்பின் முனை வீங்கும். பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியும். பெருமூளையில் கட்டி தோன்றும் இளைஞர்களுக்கோ வலிப்பே முதல் அறிகுறியாகலாம். அதனைப் பேய்க்கோளாறு என்று கோடாங்கியிடம் கொண்டுபோகிறவர்கள் இன்றும் உண்டு.

என் வகுப்பில் ஒரு மாணவி முதல் பாடவேளையில் அடிக்கடி எழுந்து வெளியே ஓடுவாள். பட்டினி வாந்தி என்று எண்ணி, “சாப்பிட்டுவிட்டு வா அம்மா” என்று கடிந்தும் கொண்டேன். ஆறு மாதம் வயிற்றுக்கு மருந்து உண்டபின், ஒரு மருத்துவர் அவள் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். அந்த ஒரு நிமிடச் சோதனை முன்பே நடந்திருக்கலாம்.

பட்டாசு மருந்தால் இக்கட்டி வருமா என்று கேட்பார்கள். அதற்கு நிறுவப்பட்ட சான்று இல்லை. (அம்மருந்தின் பிற கேடுகள் நாம் அறிந்தவையே.) உறுதியாகத் தெரிந்த காரணங்கள் சில பரம்பரைக் கோளாறுகளும் கதிர்வீச்சுமே. சின்னஞ்சிறு நாடான இஸ்ரேலில், 1950ஆம் ஆண்டை ஒட்டித் தலைப்படைக்காக எக்ஸ்-கதிர்ச் சிகிச்சை பெற்ற பதினாயிரத்துக்கு மேற்பட்ட சிறுவர்களைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்தனர். மூளையுறைக் கட்டி அவர்களிடம் பல மடங்கு மிகுந்திருந்ததை 1988இல் வெளியிட்டனர்.

நம் நாட்டில் இத்துறை தமிழகத்திலேயே தொடங்கியது. 1949இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டியும், அடுத்த ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில் பா. இராமமூர்த்தியும் நரம்பு அறுவைப் பிரிவுகளைத் தோற்றுவித்தனர். அந்நாளில் கட்டி என்று மண்டையைத் திறந்தால், பலருக்குக் காசநோய்க் கட்டியே இருந்தது! 1979இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த சி.டி. ஸ்கேன் வந்தபின் வேறொரு வியப்பு. வலிப்பு கண்ட இளைஞர்களின் மூளையில் தெரிந்த சிறு வளையங்கள் பல, நாடாப்புழுவின் இளம்பருவத்தால் விளைந்தவை, தாமாகவே மறைபவை. கத்தியின்றியே அவற்றை இனங்காணும் அளவுகோலை 1990களில் வேலூர் மருத்துவர்கள் வகுத்தனர். நாடாப்புழுவின் வாழ்க்கைச் சுழற்சியைத் தேர்வுக்காக மட்டும் படிப்பவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

மெய்யான புற்றுக்கட்டிக்கு அறுவையோடு சிகிச்சை முடிவதில்லை. சிறுமூளையில் தோன்றும் மெடுல்லோபிளாஸ்டோமாவுக்கு மூளை, தண்டுவடம் முழுமைக்கும் கதிர்வீச்சு தேவை. வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஏறத்தாழ ஆறு வாரம். மூன்று வயதுக்குட்பட்டோர்க்கு அறிவு வளர்ச்சி கெடும் என்பதால் இயன்றவரை அதனைத் தவிர்ப்பார்கள். விருதுநகரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது. ஆனால் நாள் கூலியை எந்தக் காப்பீடும் தருவதில்லை. பிள்ளைகள் பாதியில் சிகிச்சையை விடுவதற்குப் பெரிய காரணம் அதுவே.

அம்மாணவியின் தந்தை ஆறு வாரமும் மதுரையில் தங்கினார். தீபாவளிக்கு முந்தைய மாதங்கள் அவை. ஆலையில் கூலி கூடுதலாகக் கிடைக்கும் காலம். மறு ஆண்டு அவள் வகுப்புக்குத் திரும்பினாள். இடக்கண்ணின் பார்வை முழுதாகத் திரும்பவில்லை. முன்வரிசையில் வலப்புறம் பார்த்து உட்காருவாள்.