யாருடைய கோளாறு?

மீஞ்சூர்க் கடைத்தெருவில் என் அன்னை பூ விற்கிறார். ஒருநாள் ஒருவர் கைபேசி வழியே செலுத்திய 120 ரூபாய் வந்து சேரவில்லை. விசாரித்தேன், "தொழில்நுட்பக் கோளாறு" என்றார்கள். யாருடைய கோளாறு என்று சொல்லவில்லை.

2024 சூலை 31 அன்று, சிறு வங்கிகளுக்குக் கணினிப் பணி செய்துவந்த சி-எட்ஜ் நிறுவனம் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகவே, இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் அதனைத் தன் அமைப்பிலிருந்து தற்காலிகமாகத் துண்டித்தது. ஏறத்தாழ 300 வங்கிகளில் பணப் பரிமாற்றம் தடைப்பட்டது. அவ்வங்கிகளில் கணக்கு வைத்தோருள் எத்தனைபேர் அப்பெயரை முன்பு கேட்டிருப்பர்!

வியப்பு யாதெனில், அதற்கு முதல்நாள்தான் ரிசர்வ் வங்கி, வங்கியல்லாத பணப்பரிமாற்ற நிறுவனங்களுக்குப் பாதுகாப்பு நெறிகளை விதித்திருந்தது. தம்மோடு இணைந்த கணினி நிறுவனங்களையும் ஒப்பந்தத்தின் வாயிலாக அந்நெறிகளுக்கு உட்படுத்துவது அவற்றின் பொறுப்பு. நல்லதே, ஆயினும் தவறிய நிறுவனத்தின் பெயரை மக்களுக்கு அறிவிப்பதும் கட்டாயமாக வேண்டும் என்பேன். அன்னை அந்த ஒப்பந்தத்தைக் கண்டதில்லை. பூவை மட்டும் கொடுத்துவிட்டார்.