இயங்குதளமும் உரிமமும்

இன்று நாம் வீட்டிலும் பள்ளியிலும் கணினியைப் பயன்படுத்துகின்றோம். கட்டுரை எழுதுகின்றோம், படம் வரைகின்றோம், கணக்குப் போடுகின்றோம். இவ்வேலைகளுக்கெல்லாம் உள்ளிருந்து துணை நிற்பது இயங்குதளம் எனப்படும். நாம் தட்டும் எழுத்தைத் திரையில் காட்டுவதும், எழுதியதைச் சேமித்து வைப்பதும், அதனை அச்சுப்பொறிக்கு அனுப்புவதும் அதன் பணிகளாகும். விண்டோஸ், மேக்ஓஎஸ், லினக்ஸ் ஆகியவை பலரும் அறிந்த இயங்குதளங்கள்.

புதிய பதிப்பு எதற்கு?

இயங்குதளத்தை எழுதுவோரும் மனிதர்களே. ஆகவே, அதில் சிறு சிறு ஓட்டைகள் இருத்தல் இயல்பு. தீயோர் அவற்றின் வழியே நுழைந்து நம் கோப்புகளைக் கெடுப்பர். அவ்வோட்டைகளை அடைக்கும் திருத்தங்களை நிறுவனத்தார் அவ்வப்போது அனுப்புகின்றனர். ஒரு பதிப்பிற்குரிய காலம் முடிந்ததும் அவை நின்றுவிடும். 2015-ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு வழக்கமான ஆதரவு முடிவுற்றது. பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு மேலும் ஓராண்டுத் தவணை தரப்பட்டது. அப்பதிப்பு இருந்த கணினிகள் அதன் பின்னரும் ஓடின. வீடு அப்படியே இருக்க, காவற்காரர் மட்டும் விடைபெற்றுச் சென்றதற்கு இஃது ஒப்பாகும்.

காவல் இல்லாவிடில் என்ன நேரும்? 2017 மே மாதத்தில் 'வான்னாகிரை' என்னும் தீய நிரல் 150 நாடுகளுக்கு மேல் பரவியது. கோப்புகளைப் பூட்டி வைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் பல தடுமாறின. நோயாளிகள் திருப்பி அனுப்பப்பட்டனர். ஆனால், அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலேயே வெளிவந்திருந்தது!

மாறுவதற்கு முன்

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பர் நம் முன்னோர். விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகமும், 64 ஜிகாபைட் சேமிப்பிடமும், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் தேவை. இவற்றோடு, அது ஏற்கும் செயலியும் இருத்தல் வேண்டும். தகுதியுள்ள கணினியில் உரிமம் பெற்ற விண்டோஸ் 10 இருந்தால், கட்டணமின்றியே 11-க்கு மாறலாம். நம் அச்சுப்பொறியும் பழைய மென்பொருள்களும் புதியதில் இயங்குமா என்பதையும் முன்னரே அறிதல் நலம். மாறுவதற்கு முன் கோப்புகளை வேறோரிடத்தில் படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது.

உரிமம் என்றால் என்ன?

கடையில் ஒரு நூலை வாங்கினால் அதைப் படிக்கலாம். ஆயினும், அதனை அச்சடித்து விற்க நமக்கு உரிமை இல்லை. மென்பொருளும் அத்தகையதே. நாம் காசு கொடுத்துப் பெறுவது பயன்படுத்தும் அனுமதியாகும், அதுவே உரிமம். புதிய கணினியோடு சேர்ந்து வரும் விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் அக்கணினிக்கே உரியது. தனியாக வாங்கிய உரிமத்தை வேறொரு கணினிக்கு மாற்றலாம்; எனினும், ஒரே வேளையில் இரண்டில் பயன்படுத்தலாகாது.

மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரல்களையும் இலக்கியப் படைப்புகளாகக் கருதிக் காக்கின்றது. எனவே, கள்ளப் பிரதியைப் பயன்படுத்துதல் பிறர் உழைப்பைத் திருடுவதாகும். மேலும், அதனுள் நச்சுநிரல் ஒளிந்திருக்கக் கூடும். மலிவு என்று வாங்கிய பொருளே நம் கோப்புகளுக்குப் பகையாகிவிடும்.

பொருள் வசதி இல்லாதோர் என் செய்வது? அவர்க்கும் நேர்வழி உண்டு. 1991-ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் லினக்சைத் தொடங்கினார். அதனைப் படியெடுக்கவும் பிறர்க்கு வழங்கவும் அதன் உரிமமே இடந்தருகின்றது. பழைய கணினிகள் பலவற்றிலும் அது இயங்கும். 'லிபர்ஆபிஸ்' என்னும் இலவச மென்பொருளைச் சேர்த்துக்கொண்டால் தமிழிலும் கட்டுரை எழுதலாம். ஆகவே, வறுமையைக் காட்டிக் களவுக்கு நியாயம் கூற இடமில்லை.

மாணவர்களே! பெற்றோர் கணினி வாங்கும்போது மூன்று வினாக்களை நினைவூட்டுங்கள். திருத்தங்கள் இன்னும் வருகின்றனவா? கணினி புதிய பதிப்பைத் தாங்குமா? உரிமம் நேர்மையானதா? இம்மூன்றுக்கும் விடை கண்ட பின்னரே முடிவு செய்வோமாக.