விழுங்கிய பாதரசமும் முகர்ந்த பாதரசமும்

வெப்பமானி கைதவறி உடைந்தால் வீடே பதறுகிறது. குழந்தை ஒரு பாதரச மணியை விழுங்கிவிட்டதோ என்பதுதான் எல்லோருக்கும் கவலை. அதற்குள் யாராவது துடைப்பத்தை எடுத்துக் கூட்டத் தொடங்கிவிடுவார்கள். உண்மையில் தடுக்க வேண்டியது அந்தத் துடைப்பத்தைத்தான்.

உலோகப் பாதரசத்தைக் குடல் ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. பெரும்பாலும் மலத்தோடு வெளியேறிவிடும். அதன் ஆவி அப்படியல்ல. மூச்சில் போகும் ஆவியில் சுமார் 80 விழுக்காடு உடலில் தங்கி, மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்குகிறது. நிறமும் மணமும் இல்லாததால் அது இருப்பதே தெரியாது. துடைப்பம் மணிகளை நுண்துளிகளாகச் சிதறடித்து ஆவியை இன்னும் பெருக்குகிறது. சன்னலைத் திறந்துவிட்டு, குழந்தைகளை வெளியே அனுப்பி, மணிகளைக் கெட்டி அட்டையால் ஒதுக்கி மூடியுள்ள புட்டியில் சேர்ப்பதே சரி.

கடலில் கலந்தால் எந்த நஞ்சும் கரைந்து நீர்த்துவிடும் என்ற நம்பிக்கைக்கு ஜப்பானின் மினமாட்டா பெரும் விலை கொடுத்தது. சிஸ்ஸோ நிறுவனத்தின் ரசாயன ஆலை வெளியேற்றிய கழிவில் மெத்தில் பாதரசம் என்ற பாதரசச் சேர்மம் இருந்தது. நுண்ணுயிர், சிறுமீன், பெருமீன் என்று ஒவ்வொரு படியிலும் செறிவு கூடி, மீனவர்களின் தட்டுக்கு அது வந்து சேர்ந்தது. முதலில் பூனைகள் வலிப்பு கண்டு துள்ளி விழுந்து செத்தன. 1956 மே மாதம் மனிதர்களின் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. தொற்றுநோய் என்று அஞ்சி நோயாளிக் குடும்பங்களை ஊரே ஒதுக்கியது. 1959-இல் ஆலை மருத்துவர் ஹோசோகாவா, கழிவுநீர் கலந்த உணவைப் பூனைக்குக் கொடுத்து அதே நோயைக் கண்டார். நிறுவனம் அந்த முடிவை வெளியில் விடவில்லை. அரசு காரணத்தை ஒப்புக்கொண்டது 1968-இல்தான். அந்த ஒன்பது ஆண்டு மௌனத்தை மன்னிக்கவே முடியாது.

தாயின் நஞ்சுக்கொடி நஞ்சைத் தடுத்துக் கருவைக் காக்கும் என்று அன்றைய மருத்துவர்களும் நம்பியிருந்தார்கள். மினமாட்டாவில் பெரிதாக நோய் காட்டாத தாய்மார்களுக்குக் கைகால் முடங்கிய குழந்தைகள் பிறந்தபோதுதான் அது தகர்ந்தது. மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவின் மூளைக்கே போய்விடுகிறது.

ஆலையை மூடினால் மாசும் முடிந்துவிடும் என்பது இன்னொரு நினைப்பு. கொடைக்கானல் வெப்பமானி ஆலைக் கழிவு ஊருக்குள் பழைய பொருள் கிடங்கில் கிடந்ததை 2001 மார்ச்சில் மக்களும் சூழல் ஆர்வலர்களும் அம்பலப்படுத்த, ஆலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனது. மண்ணில் ஊறியது அங்கேயே இருந்தது. பாதரசம் ஒரு தனிமம். அது மக்காது, சிதையாது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் அந்த ஆலையின் நிறுவனம் உடன்பாடு கண்டது 2016-இல்.

மீனை மஞ்சள் போட்டுக் கழுவி நன்றாக வேகவைத்தால் அதிலுள்ள பாதரசம் போய்விடும் என்பாரும் உண்டு. போகாது. மெத்தில் பாதரசம் தசைப் புரதத்தோடு பிணைந்திருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறாப்புட்டு செய்து கொடுப்பது நம் வழக்கம். ஆனால் பிற மீன்களைத் தின்று பல ஆண்டு வாழும் பெரிய சுறாவில்தான் பாதரசம் மிகுதியாகச் சேர்கிறது. கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும் சுறாவைத் தவிர்க்கவே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்கிறது. அதற்காக மீனையே விலக்க வேண்டியதில்லை. மத்தி, நெத்திலி போன்ற சிறுமீன்களில் பாதரசம் மிகக் குறைவு.