செவ்வாய் ரோவருக்கு ரிமோட் உண்டா?

யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு, செவ்வாயில் எரிமலை உண்டு என்று பாடப்புத்தகம் சொல்கிறது. “அங்கேதான் யாருமே போனதில்லையே, அப்புறம் எப்படித் தெரியும்?” என்று வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து கேட்டால், “ராக்கெட் விட்டுக் கண்டுபிடித்தார்கள்” என்ற ஒரே வரியோடு பெரும்பாலும் பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தப் பிள்ளையின் கேள்வி அதைவிட நல்ல பதிலுக்குத் தகுதியானது. பூமிக்கு வெளியே மனிதக் காலடி பட்ட ஒரே இடம் நிலா. 1969 முதல் 1972 வரை அங்கே நடந்தவர்கள் 12 பேர் மட்டுமே. சூரியக் குடும்பத்தின் மற்ற உலகங்களைப் பற்றியெல்லாம் விஞ்ஞானிகள் துப்புத் துலக்கித்தான் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். சினிமாவும் வீடியோ கேம்களும் பிள்ளைகள் மனதில் பதித்துவிட்ட சில எண்ணங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை 1: பெரிய தொலைநோக்கி இருந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

உண்மை: கண்ணுக்குத் தெரியாததையும் நிழலை வைத்துப் பிடிக்கலாம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் தொலைதூர நட்சத்திரம் ஒன்றின் குறுக்கே வரவிருந்தது. கோள் மறைக்கும்போது நட்சத்திரத்தின் ஒளி எப்படிக் குறைகிறது என்று அளக்க, அமெரிக்க விஞ்ஞானிகள் தொலைநோக்கி பொருத்திய விமானத்தில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்தார்கள். கோள் நெருங்குவதற்கு முன்பே நட்சத்திரம் விட்டுவிட்டு ஐந்து முறை மங்கியது. கோள் கடந்து போன பிறகும் மறுபக்கத்தில் அதேபோல் ஐந்து முறை மங்கியது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மறைக்கிறது என்றால் அது வளையமாகத்தான் இருக்க வேண்டும்! ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்திலும் அன்று அந்த ஒளிக்குறைவு பதிவானது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1986 ஜனவரியில் வாயேஜர் 2 விண்கலம் யுரேனஸை நெருங்கி அந்த வளையங்களைப் படமே பிடித்தது.

நம்பிக்கை 2: விண்கலம் ‘கிளிக்’ செய்தவுடன், போனில் வருவதுபோல வண்ணப் படம் வந்துவிடும்.

உண்மை: விண்கலம் அனுப்புவது எண்களைத்தான். 1965 ஜூலையில் மாரினர் 4 விண்கலம் செவ்வாயை முதன்முதலாக அருகிலிருந்து படம் பிடித்தது. ஒரு படம் என்பது 200 வரிசை, வரிசைக்கு 200 புள்ளி. மொத்தம் 40,000 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்துக்கும் ஓர் எண். ஒரே ஒரு படம் பூமிக்கு வந்து சேர எட்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது.

கணினி அந்த எண்களைப் படமாக்கும் வரை காத்திருக்கக் கலிபோர்னியாவிலிருந்த பொறியாளர்களுக்குப் பொறுமை இல்லை. எண்கள் அச்சான காகிதப் பட்டைகளைப் பக்கம் பக்கமாகச் சுவரில் பொருத்தினார்கள். கடையில் வாங்கி வந்த வண்ணச் சுண்ணக்கட்டிகளைக் கையில் எடுத்தார்கள். இந்த எண்ணுக்கு இந்த நிறம் என்று வைத்துக்கொண்டு, சிறுபிள்ளைகள் படத்துக்கு வண்ணம் தீட்டுவதுபோலத் தீட்டினார்கள். செவ்வாயின் முதல் நெருக்கப் படம் அப்படிக் கையால்தான் உருவானது. அந்தப் பயணம் அனுப்பிய படங்களில் பள்ளங்கள் நிறைந்த வறண்ட தரை தெரிந்தது. செவ்வாயில் யாரோ வெட்டிய கால்வாய்கள் இருப்பதாகப் பல பத்தாண்டுகள் உலவிய கதை அதோடு ஓய்ந்தது.

நம்பிக்கை 3: ராக்கெட்டின் எஞ்சின் போய்ச் சேரும் வரை எரிந்துகொண்டே இருக்கும்.

உண்மை: பயணத்தின் பெரும்பகுதியில் எஞ்சின் அணைந்தே இருக்கும். சறுக்குமரத்தில் ஒருமுறை தள்ளிவிட்டால் பிள்ளை தானாக வழுக்கிப் போகிறதல்லவா? விண்வெளியில் தடுக்கக் காற்றும் இல்லை என்பதால், கிடைத்த வேகம் குறுக்கே உராய்ந்து வீணாவதில்லை. இந்தியாவின் மங்கள்யான் 2013 நவம்பர் 5 அன்று கிளம்பியது. அடுத்த மாதம் பூமியை விட்டுப் பிரிந்த பிறகு அதன் முதன்மை எஞ்சின் ஏறத்தாழ 300 நாள் தூங்கியது. இத்தனை நாள் கழித்து அது விழிக்குமா என்ற கவலை எல்லோருக்கும் இருந்தது. 2014 செப்டம்பர் 22 அன்று நான்கே விநாடி எரியவைத்துச் சோதித்தார்கள், எரிந்தது. இரண்டு நாள் கழித்து அதே எஞ்சின் வேகத்தைக் குறைக்க, மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்தது.

நம்பிக்கை 4: சிறுகோள் பட்டையில் பாறைகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும், வளைந்து நெளிந்துதான் தப்ப வேண்டும்.

உண்மை: அது சினிமாக் காட்சி. அங்கே ஒரு சிறுகோளுக்கும் அடுத்ததற்கும் இடையே சராசரியாகப் பத்து லட்சம் கிலோமீட்டர் அளவுக்கு இடைவெளி. பூமிக்கும் நிலாவுக்கும் உள்ள தூரத்தைப்போல இது இரண்டு மடங்குக்கு மேல். 1972-73இல் பயனியர் 10 விண்கலம் முதன்முதலாக அந்தப் பட்டையைக் கடந்து பத்திரமாக வியாழனுக்குப் போய்ச் சேர்ந்தது.

நம்பிக்கை 5: செவ்வாய் ரோவரை ரிமோட் கார் மாதிரி பூமியிலிருந்து ஓட்டுகிறார்கள்.

உண்மை: ஓட்டவே முடியாது. ஒளியின் வேகத்தில் போகும் ரேடியோ சமிக்ஞைகூடச் செவ்வாய்க்குப் போக 3 முதல் 22 நிமிடம் ஆகும். ‘பள்ளம் வருகிறது, நிறுத்து’ என்று இங்கிருந்து சொல்வது அங்கே போய்ச் சேருவதற்குள் ரோவர் பள்ளத்தில் விழுந்திருக்கும். அதனால் முந்தைய படங்களைப் பார்த்து ஒரு நாளைக்கான கட்டளைகளை மொத்தமாக எழுதி அனுப்புகிறார்கள். அதன்படி ரோவர் தானே நடந்துகொள்கிறது. 2012இல் இறங்கிய கியூரியாசிட்டி ரோவர், முழு வேகத்தில் போனாலும் விநாடிக்கு 4 சென்டிமீட்டர்தான் நகரும்.

அதன் சக்கரத்தில் ஓர் அழகான ஏற்பாடு உண்டு. சக்கரத்தைச் சுற்றிச் சில துளைகள் இருக்கின்றன. சில குட்டை, சில நீளம். மோர்ஸ் தந்திக் குறியீட்டில் அவை ‘ஜேபிஎல்’ என்ற எழுத்துகள். ரோவரைக் கட்டிய ஆய்வகத்தின் பெயர்ச்சுருக்கம். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் மண்ணில் அந்தப் பெயர் ஒருமுறை பதியும். ரோவர் தன் தடத்தைத் திரும்பிப் படம் பிடிக்கும். அடுத்தடுத்த இரண்டு முத்திரைகளுக்கு நடுவே தூரம் குறைந்திருந்தால், சக்கரம் மணலில் வழுக்கியிருக்கிறது என்று அர்த்தம்.

நம்பிக்கை 6: நிலாவைப் பற்றிய வேலை எல்லாம் நிலாவில்தான் நடக்கும்.

உண்மை: அதில் ஒரு பங்கு நாமக்கல் மாவட்டத்தில் நடந்தது. நிலாவில் வெளுப்பாகத் தெரியும் மேட்டு நிலங்கள் அனார்த்தோசைட் என்ற பாறையால் ஆனவை. அதே வகைப் பாறை சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களில் கிடைக்கிறது. அதைக் கொண்டுபோய் அரைத்து, நிலாவின் மண்போல நுண்மையாக்கி, இஸ்ரோவின் சோதனைக்கூடத்தில் பரப்பினார்கள். சந்திரயானின் தரையிறங்கியும் ரோவரும் அந்த மண்ணில்தான் பழகின. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலாவின் தென்துருவப் பகுதிக்கு அருகே மெல்ல இறங்கியது.

நம்பிக்கை 7: இதெல்லாம் பெரிய விஞ்ஞானிகளின் வேலை, பிள்ளைகளால் ஆகாது.

உண்மை: 1610 ஜனவரியில் கலிலியோ வியாழனருகே சின்னஞ்சிறு ஒளிப்புள்ளிகளைக் கண்டார். இரவுதோறும் அவை இடம் மாறுவதைத் தாளில் வரைந்துவைத்தார். அவை வியாழனைச் சுற்றும் நான்கு நிலாக்கள் என்பது அந்தப் படங்களை வரிசையாகப் பார்த்தபோது விளங்கியது. இன்று ஒரு சாதாரண பைனாகுலரிலேயே அந்த நான்கு நிலாக்களும் தெரியும். வியாழன் வானில் இருக்கும் மாதத்தில், கை ஆடாமல் இருக்க மாடிச் சுவரில் முழங்கையை ஊன்றிப் பாருங்கள். நோட்டில் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் புள்ளிகளைக் குறியுங்கள். தேதியும் நேரமும் எழுதுங்கள். ஒரு வாரம் விடாமல் செய்யுங்கள். பகலில் மட்டும் பைனாகுலரைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது, பார்வையே போய்விடும்.