தற்காப்பு வீரரை அளப்பது எப்படி?

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தின் ‘டிராஃப்ட்’டுக்கு முன் தற்காப்பு வீரர்கள் எவ்வாறு மதிப்பிடப்படுகின்றனர்?

பதில்: கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் முறைவைத்துத் தெரிவு செய்யும் டிராஃப்டுக்கு முன்னர், இண்டியானாபோலிஸ் நகரில் நடைபெறும் ‘கம்பைன்’ என்னும் தகுதிச் சோதனையில் 40 கெஜ ஓட்டமும் 225 பவுண்டு எடைதூக்கலும் அளக்கப்பட்டாலும், எதிரணியின் தடுப்பை உடைத்துப் பந்தெறிபவரை எட்டும் திறன் அவற்றில் முழுமையாக வெளிப்படுவதில்லை. அச்சோதனையில் வியக்கவைத்து 2008இல் 6ஆவதாகத் தெரிவான வெர்னன் கோல்ஸ்டன், பந்தெறிபவரைப் பந்துடன் வீழ்த்தும் ‘சாக்’ ஒன்றைக்கூடத் தொழில்முறை ஆட்டத்தில் பெறவில்லை. உயரம் போதாதெனக் கருதப்பட்டு 2014இல் 13ஆவதாகத் தெரிவான ஆரன் டொனால்ட் என்பவரோ (அவரது ஓட்டமும் விரைவானதே) ஆண்டின் சிறந்த தற்காப்பு வீரர் விருதை மும்முறை வென்றார். முதலடி வேகத்தையும் கைத்திறனையும் காட்டும் கல்லூரி ஆட்டப் பதிவுகளே கடிகாரத்தைவிட நம்பத்தக்க சான்று.